ஸெனோனின் கயிறு

இதை எங்கள் ஊரில் யாரிடமும் போய் விசாரிக்காதீர்கள். கட்டுக்கதை என்பார்கள். என் அண்ணன் ரொஸேரைக் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவான். நம்பாதவர்கள் என் வலது உள்ளங்கையைப் பார்க்கலாம். நாற்பது வருடம் ஆகிவிட்டது, குறுக்கே விழுந்த அந்தக் கோடு இன்னும் மறையவில்லை.

கனடாவின் மேற்குச் சமவெளியில், சுற்றிலும் ஆங்கிலம் பேசும் ஊர்களுக்கு நடுவே, பிரெஞ்சு பேசும் ஒரே ஊர் எங்கள் அல்தெரிக். கியூபெக்கிலிருந்து ஒரு கத்தோலிக்கச் சாமியார் ரயிலில் அழைத்துவந்த குடும்பங்கள் உண்டாக்கிய ஊர். கோதுமை, மாடு, கோயில். இந்த மூன்றையும் விட்டால் எங்களுக்கு இருந்த சொத்து எங்கள் பேச்சு மட்டும்தான்.

அந்தப் பேச்சையும் பள்ளிக்கூடத்தில் பேசக் கூடாது என்று என் தாத்தா காலத்தில் அரசாங்கம் உத்தரவு போட்டது. எங்கள் ஆட்கள் கேட்பார்களா? ஜன்னலோரம் ஒரு பிள்ளையைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு டீச்சர் பிரெஞ்சிலேயே பாடம் நடத்தினார். தூரத்தில் பள்ளி இன்ஸ்பெக்டரின் கார் தெரிந்தால் போதும், புத்தகங்கள் எல்லாம் அடுப்பு விறகுப் பெட்டிக்குள் போய்விடும். வருடக்கணக்கில் இப்படியே ஓடியது. ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்தவர் பிள்ளைகளையும் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை. நேராக விறகுப் பெட்டியிடம் போனார். விறகை அள்ளி வெளியே போட்டார்.

டீச்சர் வேலை போய் ஊரை விட்டே கிளம்பினார். யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் தாத்தா அந்தீம் எழுந்து நின்றார். "என் தம்பி ஸெனோன்தான் சொல்லிட்டான்" என்று அழுதார். சொந்த அண்ணனே அழுதுகொண்டு சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அந்தக் குளிர்காலத்திலேயே ஸெனோன் பனிப்புயலில் சிக்கிச் செத்துப்போனார். கடவுள் தண்டித்தார் என்றது ஊர். கல்லறைத் தோட்ட வேலிக்கு வெளியே புதைத்தது. அடுத்த வருடம் தாத்தாவுக்கு அரசாங்கத் தானியக் கிடங்கில் மேலாளர் வேலை கிடைத்தது. அதைப் பற்றி மட்டும் ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சின்ன வயதில் எங்களுக்குள் சண்டை வந்தால், "போடா ஸெனோன்!" என்போம். அதைவிடக் கெட்ட வார்த்தை எங்களிடம் கிடையாது. நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் காறித் துப்பியவன்தான்.

அப்பா இறந்த பிறகு நிலமும் வீடும் எங்கள் இருவருக்கும் பொதுவாக வந்தது. எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து ஊர் ஆங்கிலேயன் ஒருவனுக்கு எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும் என்று ரொஸேர் ஒற்றைக்காலில் நின்றான். என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. நான் போடவில்லை. இலையுதிர்காலம் முழுக்கச் சண்டை. கிறிஸ்துமஸ் பூசைக்கு ஒன்றாகப் போய் வந்த பிறகு திடீரென்று மாறிவிட்டான். அன்பாகப் பேசினான். நான் பூரித்துப்போனேன், முட்டாள்.

ஜனவரி மாதம். மதியத்திலிருந்து பனிப்புயல். கையை நீட்டினால் கை தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப் புயல் வந்தால், வீட்டுக் கதவோரம் இருக்கும் இரும்பு வளையத்தில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டிவிட்டு, மறுநுனியைப் பிடித்துக்கொண்டு தொழுவத்துக்குப் போவோம். அங்கே போய் மறுநுனியைக் கட்டுவோம். திரும்பும்போது அந்தக் கயிறுதான் வழி. தொழுவம் ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள்ளேயே வழி தவறி விறைத்துச் செத்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

மாலை நாலரை. பால் கறக்க வேண்டும்.

"எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சுடா ஒவிலா. இன்னிக்கி நீ மட்டும் போயிட்டு வா. நான் சூப்பு காய்ச்சி வைக்கிறேன்" என்றான் ரொஸேர்.

"கயிறு?"

"நானே கட்டிட்டேன். மஞ்சக் கயிறு, புதுசு. யானையைக் கட்டலாம், போ."

இழுத்துப் பார்த்தேன். முடிச்சு உறுதியாக இருந்தது. வழுவழுப்பான நைலான் கயிறு. பிடித்துக்கொண்டு போனேன். தொழுவத்துக் கொக்கியில் மறுநுனியை இறுக்கிக் கட்டினேன்.

உள்ளே கதகதப்பு. ரேடியோவில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே விறைப்பாக நின்ற கயிறு காற்றில் அதிர்ந்து 'ம்ம்ம்ம்...' என்று ஒலித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஒரு துணை மாதிரி இருந்தது.

கடைசி மாட்டைக் கறக்கும்போது அந்தச் சத்தம் நின்றது.

காற்று நிற்கவில்லை. கயிற்றின் சத்தம் மட்டும் நின்றது. மாடுகள் எல்லாம் அசைபோடுவதை நிறுத்திவிட்டன. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. கதவுப் பக்கம்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புயலில் மாடு மிரள்வது புதிதா என்ன? ஐந்தே முக்காலுக்குக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். நன்றாக இருட்டிவிட்டது. வாசல் விளக்கு எரிந்தால் மங்கலாகவாவது ஒரு வெளிச்சம் தெரியும். தெரியவில்லை.

கயிற்றைப் பிடித்து நடந்தேன். கொஞ்சம் தளர்ந்திருந்தது, பனி ஏறிய கனத்தால் என்று நினைத்தேன். பாதி தூரம் வந்திருப்பேன். கயிறு இன்னும் தொய்ந்தது. பலமாக இழுத்தேன். பிடிமானமே இல்லாமல் வந்துவிட்டது... நான் மல்லாக்க விழுந்தேன். வலது கையுறை கழன்று பறந்தது. கயிறும் கையை விட்டுப் போனது.

துழாவினேன். பனி. பனி. பனி மட்டும்தான்.

வீடு எந்தப் பக்கம்? தொழுவம் எந்தப் பக்கம்? தெரியவில்லை.

"அண்ணா!" என்று கத்தினேன். "அண்ணா... கயிறு அவுந்துருச்சு! விளக்கைப் போடு!"

விளக்கு எரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. விரல்கள் மரத்துவிட்டன. தூக்கம் வந்தது. அந்தத் தூக்கம் எப்படிப்பட்டது என்று எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மண்டியிட்டேன்.

அப்போது என் வெறும் கையில் ஏதோ பட்டது.

கயிறு.

இறுக்கிப் பிடித்தேன். விறைப்பாக இருந்தது. யாரோ மறுமுனையில் பிடித்திருக்கிறார்கள். அண்ணன் வந்துவிட்டான்! அழுகையே வந்துவிட்டது எனக்கு.

மெதுவாக இழுத்தார்கள். நான் எழுந்து நடந்தேன்.

நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. இந்தக் கயிறு வழுவழுப்பாக இல்லை. முள்முள்ளாகக் குத்தியது. தடிமனாக இருந்தது.

இது மஞ்சள் கயிறு இல்லை.

முன்னால் ஒரு இருமல்... நெஞ்சுச்சளி கட்டிய இருமல். ரொஸேர் அப்படி இரும மாட்டான்.

"யாரு?" என்றேன்.

கயிறு நின்றது.

காற்று மட்டும்... ஊ... ஊ...

பிறகு கைக்கெட்டும் தூரத்தில், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, ஒரு குரல்.

"உன் அண்ணனும்... அவுத்துட்டானா?"

கயிற்றை விட்டுவிடப் பார்த்தேன்.

கயிறு மறுபடி இழுத்தது.

நடந்தேன். விட்டால் சாவு. விடவில்லை.

முழங்கால் படியில் இடித்தது.

கையை நீட்டினேன். கதவு.

மறுகையை மூடித் திறந்தேன். கயிறு இல்லை. உள்ளங்கையில் ரத்தத்தின் பிசுபிசுப்பு மட்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தேன். ரொஸேர் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். "வந்துட்டியா" என்று அவன் சொல்லவில்லை. "எப்படி வந்தே?" என்றான். அவன் கண் என் மேல் இல்லை. என் தோளுக்குப் பின்னால் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பாய்ந்துபோய்க் கதவைத் தாழ்போட்டான்.

"வாசல் விளக்கு?"

"கரண்டு போயிருச்சு."

சமையலறையில் ஃப்ரிட்ஜ் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் பட்டாணி சூப் கொதித்தது. மேசையில் ஒரே ஒரு தட்டு வைத்திருந்தான். ஒரே ஒரு கரண்டி. பேயைக் கண்டுகூட அவ்வளவு நடுங்கவில்லை நான், அந்த ஒற்றைத் தட்டைப் பார்த்து நடுங்கினேன். சின்ன வயதில் என் தலைமாட்டில் உட்கார்ந்து காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போட்டவன் அவன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான்.

காலையில் புயல் அடங்கியது. மஞ்சள் கயிறு தொழுவத்துக் கொக்கியில் நான் கட்டியபடியே இருந்தது. மறுநுனி வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், வயலுக்குள் போய்க் கிடந்தது. அறுபடவில்லை. முடிச்சுப் போட்ட வளைவுகூட அதில் அப்படியே இருந்தது.

"காத்து அவுத்திருக்கும்" என்றான் ரொஸேர்.

மறுநாள் பனி தள்ளும் வண்டியோடு ஜில்தாஸ் வந்தார். ஊர்ப் பாதையைச் சுத்தம் செய்பவர், வாயாடி. என் கையைப் பார்த்ததும், "என்னடா, மாட்டுக்குப் பதிலா முள்ளம்பன்னியைக் கறந்தியா?" என்று சிரித்தார். குத்தியிருந்த நார்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இது சணல்டா. சணல் கயிறை இந்தப் பக்கம் இப்ப யாருடா வச்சிருக்கா?"

நடந்ததைச் சொன்னேன். அந்தக் குரல் கேட்ட கேள்வியையும் சொன்னேன். ஜில்தாஸ் இடுக்கியை மேசையில் வைத்தார்.

"பனி உருகினப்போ ஸெனோனைக் கண்டுபுடிச்சது எங்கப்பாடா" என்றார் கடைசியில். "கயிறு அறுந்து செத்தான்னுதானே உங்க தாத்தா ஊர்ல சொன்னாரு? அறுந்துபோகலடா. ஒரு நுனியில இருந்து மறு நுனி வரைக்கும் முழுக் கயிறும் ஸெனோன்கிட்டயே இருந்துச்சு. வளையத்துல கட்டின நுனியை யாரோ கையால அவுத்திருக்காங்க. அன்னிக்கி வீட்டுல இருந்தது உங்க தாத்தா ஒருத்தர்தான்."

"உங்கப்பா ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தாரு. உங்க தாத்தாவும் சாமியாரும் வாயை அடைச்சுட்டாங்க. செத்தவன் திரும்பி வரப்போறானா, ஊர் ஒத்துமையா இருக்கட்டும்னுட்டாங்க." கையிலிருந்த நாரைத் துணியில் துடைத்துப் போட்டார். "அந்தக் கயிறு சணல் கயிறு. ஸெனோன் மூடின கையை விரிக்கவே முடியலையாம். கயிறோடவே பெட்டியில வச்சுப் புதைச்சுட்டாங்க."

கல்லறைத் தோட்ட வேலிக்கு வெளியே அன்றே போனேன். ஸெனோனின் சிலுவையைச் சுற்றிப் பனி மார்பளவுக்குக் கிடந்தது, ஒரு சுவடும் இல்லை. எத்தனை தடவை அந்தப் பெயரை வசவாகச் சொல்லியிருக்கிறேன்! நின்று அழுதுவிட்டு வந்தேன்.

கையெழுத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டு ஊரை விட்டுக் கிளம்பினேன். அந்த வீட்டில் இன்னொரு புயலுக்கு இருக்க என்னால் முடியாது. பெட்டியைத் தூக்கும்போது ரொஸேர் வாசல் வரை வந்தான். காற்றின் மேல் பழி போட்ட பிறகு, அந்த நாளைப் பற்றி அவன் வாயைத் திறந்தது அந்த ஒரு முறைதான்.

"அன்னிக்கி வெளிய ரெண்டு குரல் கேட்டுச்சு" என்றான் மெதுவாக. "ஒண்ணு உன்னோடது. இன்னொண்ணு யாருடா?"

நான் படி இறங்கி நடந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவன் என்ன சொன்னான் என்பதே எனக்குப் புரிந்தது. அப்படியென்றால்... நான் "அண்ணா, அண்ணா" என்று கத்தியதும் அவனுக்குக் கேட்டிருக்கிறது.