சேஷண்ணா கொல்லாமல் விட்ட புழுக்கள்

சென்ற வாரம் கோடவுனில் சுக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். சுமை தூக்கும் மம்மது ஓடிவந்து, "நம்மட சேஷன் சுவாமி போயி" என்றார். நான் அழுதால் மட்டாஞ்சேரிக் காயலில் ஒரு முழம் தண்ணீர் ஏறும் என்பார்கள். அன்று ஏறித்தான் இருக்கும்.

சேஷன் அண்ணா எங்கள் கோடவுனில் எடை பார்த்தவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மட்டாஞ்சேரித் தமிழ் வீடுகளில் முதன்முதலாகத் தக்காளி காய்த்தது அவர் கொல்லையில்தான். காய்க்க வைத்தது நான் என்று சொல்வோரும் உண்டு, நான் மறுத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு வருஷம். கல்யாணமாகி வெகுநாள் கழித்து மன்னி கர்ப்பமாயிருந்தார். கொல்லையில் மண்ணெண்ணெய்த் தகரங்களில் தக்காளி பூத்திருந்தது. அது பழுத்ததும் செடியிலிருந்தே பறித்துத் தின்ன வேண்டும் என்று மன்னிக்கு ஆசை. ஆனால் மனைவி சுமக்கும்போது கணவன் ஓர் உயிரையும் கொல்லலாகாது என்பது எங்கள் வழக்கம். அண்ணாவின் அம்மா அதை வீடு முழுவதற்கும் சட்டமாக்கியிருந்தார். கொசுவைக்கூட விசிறியால் ஓட்டத்தான் வேண்டும்.

பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். செடியில் எறும்பு வரிசையாக ஏறினால் இலைக்கடியில் செடிப்பேன் இருக்கிறது என்று நான்தான் கண்டுபிடித்தேன். திருப்பினால் பச்சைப் பேன் அப்பிக் கிடந்தது. காயில் வட்டத் துளை, அதன் வாயில் ஈர எச்சம் என்றால் காய்ப்புழு. பாதி உடம்பைக் காய்க்குள் விட்டுக்கொண்டு பாதியை வெளியே ஆட்டும். ஒரு புழு என் கட்டைவிரல் பருமன். பாம்பென்று பக்கத்து வீட்டுக்காரர் தடி எடுத்துவிட்டார்.

"அண்ணா, புகையிலையை ஊறவெச்சு, வடிகட்டி, துளி பார் சோப்பு கரைச்சுத் தெளிக்கறேன். விடிஞ்சா ஒண்ணு இருக்காது."

"செத்துப்போயிடுமோ?"

"பின்னே, பாட்டா பாடும்?"

"வேண்டாம்டா அம்பி. என் கொல்லையிலே நீ தெளிச்சாலும் நான் தெளிச்ச மாதிரியாக்கும்."

பேனை வெறும் தண்ணீர் அடித்துக் கழுவினார். புழுக்களை விடியற்காலையில் பலா இலையால் வழித்துத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் ஓரத் தோட்டுக்கரை ஆமணக்குச் செடி வரை நடந்துபோய் விட்டு வருவார்.

"சுவாமி, சிரட்டையும் கொண்டு எங்கோட்டா?" என்பார் சாயாக்கடைக்காரர்.

"பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலே கொண்டு விடறேன்."

மற்ற காயெல்லாம் புழுவுக்குப் போய், மிஞ்சிய ஒரே ஒரு காய் சிவக்கத் தொடங்கியது. அப்போதுதான் கொல்லைக் கல்லில் நசுங்கிக் கிடந்த ஒரு புழுவை அவர் அம்மா பார்த்துவிட்டார். "யாருடா கொன்னது?" என்று கூவினார். "நான்தாம்மா" என்றார் அண்ணா.

அந்த வாரமே குழந்தை இறந்து பிறந்தது. பிறகு அந்த வீட்டில் குழந்தையே இல்லை.

அந்த அம்மா தாம் சாகும்வரை மருமகளிடம், "கொன்னவன் வந்திருக்கான், சோறு போடு" என்றே சொல்லிவந்தார். "ஒரு புழுவுக்கு ஒரு குழந்தையா, இதென்ன நியாயம்?" என்று நான் அவரிடம் கர்ஜித்தது படகுத்துறை வரை கேட்டது. பயனில்லை. அண்ணாதான் என்னை அடக்கினார்: "விடுடா. அம்மாவுக்கு யார் மேலேயாவது போட்டாத்தான் ஆறும்." தகரங்களைக் கவிழ்த்துப் போட்டார். அதன்பின் ஒரு விதைகூட ஊன்றவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் மன்னியிடம் போய், அண்ணாவைப் பற்றி நம் சங்க மலரில் எழுதப்போகிறேன் என்றேன். ஆறுதலாக இருக்கட்டுமென்று, "ஒரு புழுவை நசுக்கினதுக்கு அண்ணா எத்தனை பாடு பட்டார்!" என்றும் சொன்னேன்.

"அவர் எங்கேடா நசுக்கினார்?" என்றார் மன்னி. "சிவந்துண்டு வந்த அந்த ஒரு காயிலே பாதி உடம்பை விட்டுண்டு இருந்தது. பொறுக்கலை. இழுத்துப் போட்டுக் காலாலே தேச்சேன். அம்மா கத்தினதும் அவர் முந்திண்டுட்டார். ஒருநாளாவது என்னைக் கோச்சுண்டிருக்கலாம். கோச்சுக்கவே இல்லையேடா. இதையும் எழுது. இனிமே யாருக்குப் பயப்படணும்?"

சொல்லிவிட்டுக் கால்களை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார்.

அண்ணா, ஊருக்கெல்லாம் சமாதானம் சொல்கிற எனக்கு உங்களை நிம்மதியாகப் போங்கள் என்று சொல்ல மனம் இல்லை. மன்னிக்காக "நான்தான்" என்று முந்திக்கொள்ள இனி அந்த வீட்டில் யாரும் இல்லை.