பாசி அம்மாவுக்கு வந்த தந்தி

இன்று காலை நாளிதழில் அறிஞர்கள் வரிசையாக நிற்கும் படம். வரலாறு, இயற்பியல், மொழியியல் என்று ஆளுக்கொரு துறை, ஆளுக்கொரு சால்வை. தோசை ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட படத்தைப் பார்த்தால் எனக்கு ஈரப் பாசி மணக்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த சமயம். கள்ளக்குறிச்சியில் நான் தற்காலிகத் தந்திச் சேவகன். புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்ததால் பஸ் இல்லை. அன்று வந்த தந்தி, கல்வராயன் மலையடிவாரத்தில் தங்கிப் பாசிகளை ஆராய்ந்த ஓர் அம்மாவுக்கு. "நாட்டுலயே பெரிய விஞ்ஞானிங்க சபையில சேத்துக்கினாங்களாம். பத்திரமா குடு" என்றார் தந்தி மாஸ்டர்.

கச்சிராயபாளையம் போகும் வழியில் என் சைக்கிளை மறியல்காரர்கள் மறித்தார்கள். தந்தி என்றதும் தலையில் துண்டு கட்டிய பெரியவரின் முகம் மாறியது.

"யாராச்சும் பூட்டாங்களா?"

அந்தக் காலத்தில் தந்தி என்றாலே சாவுதான். எனக்கும் வீரம் போதவில்லை. "ஆமாங்க" என்றேன்.

"பாவம்பா. டேய், சைக்கிளத் தூக்கி அந்தாண்ட வைங்கடா!"

நாலு பேர் தூக்கிவைத்தார்கள். குற்றவுணர்ச்சியோடு மிதித்தேன்.

அந்த அம்மா ஓடைக்குள், சேலையைத் தூக்கிச் செருகி, பாறையோடு முகத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார். தந்தியை நீட்டினேன். "ரெண்டு நிமிஷம் இருப்பா, எண்ணிக்கினு இருக்கேன்." இரண்டு நிமிடம் அரை மணியானது. நோட்டில் எழுதி முடித்த பிறகே கையைத் துடைத்துப் பிரித்தார். படித்தார். பாறையின் ஈரத்தை மெல்லத் தடவினார். நான் ஏனோ செருப்பைக் கழற்றினேன்.

திரும்பும்போது பெரியவர் கேட்டார்: "தவறினது யாருப்பா?"

உண்மையைச் சொல்லி, அடிக்குத் தயாராக நின்றேன்.

"பாசியப் படிச்சதுக்கா? பொம்பளையா?" என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நானே உன்ன உக்கார வெச்சி சைக்கிள மிதிச்சிருப்பேனே! நம்ம புள்ளைங்களும் அப்பிடிப் படிக்கணும்னுதான இங்க குந்திக்கினு இருக்கோம்!"

பீடிக் கட்டுத் தாளை நீட்டி, அந்தம்மாவின் பெயரை எழுதச் சொன்னார். மகளிடம் காட்டவாம். பக்கத்திலிருந்தவரும் ஒரு தாளை நீட்டினார். அப்புறம் இன்னொருவர்.

சாலை அகலமாகிவிட்டது, தந்தி நின்றுவிட்டது. அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நாலைந்து பேரிடம் அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன்.

"எந்த ஊருங்க அவுங்க?" என்றார்கள்.