முசே வீட்டு கீபோர்டு

"தம்பி, நீங்க போன வாரம் பண்ணிக் குடுத்ததுல ஒரு குறையும் இல்ல. எங்க அப்பாவுக்குத்தான் மூளை கொழம்பிப்போச்சு. அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நாளைக்கு உங்க கடையில எடுத்து வச்சுக்குங்க."

ரெஜினா அக்கா இப்படிச் சொன்னபோது நான் முத்தியால்பேட்டையில் சர்வீஸ் கடை போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. எண்பதுகளின் கடைசி. அக்கா தமிழ் டீச்சர். அவருடைய அப்பா லூர்துசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா. தெருவுக்கே அவர் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா. பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. மகன் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டரில், இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தமிழ் தெரியாத பேத்திக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதுவார். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த வேலை.

முந்தின வாரம் வந்த புகார் சாதாரணமானது. நீளமான கடிதத்தைத் திறந்தால் மெமரி போதவில்லை என்று வந்தது.

இன்று நீங்கள் பேக்ரவுண்ட் புராசஸ் என்கிறீர்கள். டாஸ் காலத்தில் எங்களுக்கு அது ரெசிடென்ட். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் உள்ள வரிகள் ஒவ்வொன்றாக ஓடும். சில புரோகிராம்கள் ஓடிய பிறகும் போகாமல் மெமரியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். வேண்டாததைக் கண்டுபிடித்து அந்த வரியை எடுத்துவிட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு.

நான் போன நேரம் முசே ஆஸ்பத்திரிக்கு எக்ஸர்சைஸுக்குப் போயிருந்தார். உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தால், ஏ அடித்தால் க்யூ விழுகிறது. எம் வரவே இல்லை. ஏதோ ஒரு ரெசிடென்ட் எழுத்துகளை மாற்றுகிறது என்று முடிவு கட்டினேன். மூலையில் மணி காட்டும் கடிகாரம், கால்குலேட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். கீப் எஃப்ஆர் என்றொரு வரியை எடுத்ததும் எழுத்துகள் சரியாக விழுந்தன. அந்தப் புரோகிராமின் ஃபைலையும் அழித்தேன். "வைரஸ் மாதிரி ஒண்ணு இருந்துச்சுக்கா, எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கீயைப் பார்த்து அடித்தால் இன்ஸ்டிடியூட்டில் விரல் கணுவில் ஸ்கேல் விழும். அந்தப் பழக்கத்தில் கீபோர்டைக் குனிந்து பார்ப்பதே எனக்குக் கௌரவக் குறைச்சல். அன்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரை எடுத்துவர அக்காவோடு போனேன். முசே அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"பக்கவாதம் வந்தவங்களுக்கு எழுத்து மாறிப்போகலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு. அது வந்துடுச்சு. ராவெல்லாம் அழுவுறாரு" என்றார் அக்கா.

"நான் எம்மைத்தான் அமுக்குறேன் தம்பி" என்றார் முசே. "கண்ணுக்கு எம்முன்னுதான் தெரியுது. மரின்னு பேத்தி பேரு, அதைக்கூட அடிக்க முடியல. எனக்குப் புத்தி போயிடுச்சு."

அவர் விரல் எம்மின் மேல்தான் இருந்தது. திரையில் அரைப்புள்ளி விழுந்தது. நான் முதல் தடவையாகக் கீபோர்டைப் பார்த்தேன். அது பிரெஞ்சு கீபோர்டு. நம் கீபோர்டில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கிறது, அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் எம். நான் பிடுங்கி எறிந்தது, கீயில் அச்சடித்த எழுத்தையே திரையில் விழவைக்கும் புரோகிராம். மனிதருடைய புத்தி எங்கேயும் போகவில்லை.

டாஸ் ஃப்ளாப்பியிலிருந்து ஃபைலை ஏற்றி, அந்த வரியைத் திரும்பப் போட இரண்டு நிமிஷம் ஆனது. முசே ஒவ்வொரு எழுத்தாக மரி என்று அடித்தார். சரியாக வந்தது.

"என்னா தம்பி ஆயிருந்துச்சு?" என்று அக்கா கேட்டார்.

தப்பு என்னுது என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டிய இடம். கடைக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்று பயந்தேன். "ஒண்ணுமில்லக்கா, முசே எதையாவது மாத்தி அமுக்கியிருப்பாரு" என்றேன்.

"ஆமா, நான்தான் அமுக்கியிருப்பேன். மெர்சி தம்பி" என்றார் முசே.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த புரோகிராமை எடுப்பதற்கு முன்னும், அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்பவரை உட்காரவைத்து, என் எதிரில் வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பேன். தொழிலுக்கு அந்தப் பாடம் போதும். மனுஷனுக்குப் போதவில்லை.

இரண்டு மாதம் கழித்து பிரிண்டர் மாட்டப் போனேன். கம்ப்யூட்டர் மேல் துணி மூடியிருந்தது. முசே கடிதத்தைச் சொல்லச் சொல்ல, அக்கா தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"அடிக்கிறதில்லையா முசே?" என்றேன்.

"வேணாம் தம்பி. நான் தொட்டா கெட்டுப்போயிடும்" என்று சொல்லி, நல்லாயிருந்த அந்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதும் நான் சொல்லவில்லை.