யார் முதலில் 'நீ' சொல்வது

எங்கள் பேக்கரியில் அல்டோனா கல்லாவுக்குப் பின்னால், கிங்காவாகிய நான் அடுப்படியில். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான். போலந்தில், போஸ்னான் நகரத்தில் எங்கள் தெருவில் அவளைத் தெரியாதவர் கிடையாது. ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "எவன் என்னைக் கேட்டான்?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன், புத்தி கெட்டவள்.

சனிக்கிழமை காலை முதல் ஈடு வெளியே வந்ததும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெட்டி ஒரு தட்டில் வைப்போம். கசகசா உருட்டு, சீஸ் கேக், ஆப்பிள் கேக், ரோஜா ஜாம் வைத்துப் பொரித்த பொன்ச்கி. வருகிறவர்கள் ருசி பார்த்துவிட்டு வாங்கலாம். பெரும்பாலானவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். செவெரின் மட்டும் தட்டை முழுசாக ஒரு சுற்று வருவார். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், அறுபத்து மூன்று வயது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பரீட்சைத்தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி மெல்லுவார்.

"பானி அல்டோனா, கசகசா நல்லா அரைபட்டிருக்கு. தேன் ஊத்துறப்போதான் கை சுருங்கிடுச்சு போல."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு நான்தான் கிங்காவைக் குறைச்சுப் போடச் சொன்னேன், பான் செவெரின்."

"சீஸ் கேக்ல திராட்சை போட்டிருக்கீங்களே! அதை எவன் கண்டுபிடிச்சான்?"

"உங்க துண்டுல இருக்காது. பாத்துட்டுப் பேசுங்க."

இருக்காதுதான். அவர் வருவதற்கு முன்பே பல்குச்சியால் திராட்சையை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்து, அந்தத் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருப்பாள். ஒன்பது வருஷம் இது நடந்தது. ஒன்பது வருஷமும் அதே மரியாதை: ஆணுக்குப் பான், பெண்ணுக்குப் பானி, வாங்க, போங்க.

எங்கள் ஊரில் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்குவது சின்ன விஷயமில்லை. யாராவது ஒருவர் வாய்விட்டு, "இனிமே நீன்னே கூப்பிடலாமா?" என்று கேட்க வேண்டும். பிறகு கையோடு கை கோத்து ஆளுக்கொரு மடக்குக் குடித்து, கன்னத்தில் முத்தமிட்டு, பேரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். யார் கேட்பது என்பதற்கும் முறை உண்டு. ஆணும் பெண்ணும் என்றால் பெண் கேட்க வேண்டும். மூத்தவரும் இளையவரும் என்றால் மூத்தவர் கேட்க வேண்டும். இவர் ஆண், ஆனால் மூத்தவர். இவள் பெண், ஆனால் இளையவள். இரண்டு பேரும் வசமாக மாட்டிக்கொண்டார்கள்.

ஒருநாள் அல்டோனா மாவு பிசைகிற மேஜைக்கு வந்து, "கிங்கா, நானே கேட்டுடட்டுமா?" என்றாள்.

"உனக்கென்ன கிறுக்கா? பன்னிரண்டு வயசு மூத்த மனுஷன். அவரு வாயில என்ன கொழுக்கட்டையா? அவரே கேக்கட்டும். நீயா போய் விழுந்தா மதிப்பு இருக்காதுடி."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அதைச் சொன்ன நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருக்கிறது இப்போது.

போன அக்டோபரில் அவளுடைய பெயர் நாள், காலண்டரில் அவள் பெயர் போட்டிருக்கிற நாள், வந்தது. பிறந்தநாளைவிட எங்களுக்கு அதுதான் பெரிது. செவெரின் ரோஜாக்கொத்தோடு வந்தார். கோட்டுப் பையிலிருந்து செர்ரி மது பாட்டில் ஒன்றை எடுத்தார். பின்னாலேயே கைக்குட்டையில் சுற்றிய கோப்பைகள் வந்தன. இரண்டு கோப்பைகள்! எனக்கு அடுப்படியில் கால் நிற்கவில்லை. ஊற்றினார். இருவரும் கையில் எடுத்தார்கள். கடையில் வேறு யாருமில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இவள் கேட்பாள் என்று அவரும், அவர் கேட்பார் என்று இவளும் நின்றார்கள்.

கடைசியில் அவர் தொண்டையைச் செருமினார். "உங்க ஆரோக்கியத்துக்கு, பானி அல்டோனா."

"ரொம்ப நன்றி, பான் செவெரின்."

குடித்தார்கள். கோப்பைகளைத் துடைத்து, மறுபடி சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

"என்னடி கூத்து இது?" என்றேன்.

"நீதானே கேக்காதேன்னு சொன்ன?" என்றாள் அவள்.

சரி, அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். சனிக்கிழமைக்கா பஞ்சம் என்று நினைப்பு.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. திராட்சை எடுத்த துண்டு சாயங்காலம் வரை தட்டிலேயே கிடந்து காய்ந்தது. செவ்வாய்க்கிழமை அவருடைய அக்கா வந்தார். எழுபது வயதிருக்கும், கறுப்புக் கோட்டு. பெயர் தெக்லா என்றார். தம்பி வெள்ளிக்கிழமை மாரடைப்பில் போய்விட்டான், அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்குக் கேக் வேண்டும் என்றார்.

அல்டோனா பென்சிலை எடுத்தாள். எழுத வரவில்லை.

"நீங்கதானே டோன்கா?" என்று கேட்டார் தெக்லா.

அல்டோனாவை டோன்கா என்று கூப்பிட்டது செத்துப்போன அவள் அம்மா ஒருத்திதான். அந்த மாதிரிச் செல்லப்பெயர் 'நீ'யோடுதான் வரும்.

"யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"அவன்தான். வீட்டுல வேற பேச்சு ஏது? 'டோன்கா திராட்சையை எடுத்து வெச்சிருந்தா. டோன்கா முடி வெட்டியிருக்கா.' ஏன்டா, அவகிட்டயே இப்படிக் கூப்பிட்டுத் தொலையேன்னு திட்டுவேன். 'பொம்பளைதான் முதல்ல கேக்கணும், நான் கேட்டா வழியுறேன்னு நினைப்பா'ன்னுவான். அவனும் அவன் முறையும்!"

அல்டோனா திரும்பி என்னைப் பார்த்தாள். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூடத் தேவலை. கல்லாவின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதாள். தெக்லா கையுறையைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதம்மா. இங்க பாரு, நான் உன்னைவிட மூத்தவ, பொம்பளையும்கூட. என்னை நீன்னே கூப்பிடு. நான் தெக்லா."

"நான் டோன்கா" என்றாள் அல்டோனா.

அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.