துறைமுகத்து அக்கா

அழைப்பு வந்தபோது நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எனக்குப் பல வருடமாக அங்கேதான் வேலை. கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் அருங்காட்சியகம் திறக்கிறார்களாம். அகதிகளையும் அநாதைப் பிள்ளைகளையும் அந்த ஊர் ஏற்றுக்கொண்ட கதையைச் சொல்வதற்காம். அங்கே வளர்ந்தவர்களைத் தேடி, எப்படியோ என் மகளின் நம்பரைப் பிடித்துவிட்டார்கள்.

எனக்குப் போக மனமில்லை. கொட்டகலையில் படிப்பிக்கும் மகள்தான் விடவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் இனக்கலவரத்தில் எரிந்தபோது எனக்கு நாலு வயது இருக்கும். அம்மாவும் அப்பாவும் அதிலேயே போய்விட்டார்கள். மிஞ்சியவர்களை லொறியில் ஏற்றி அந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஓர் இல்லத்தில் வளர்ந்தேன். பிறகு மாமா தேடிவந்து தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எப்போது சொன்னாலும் அந்த ஊருக்கு நன்றி என்றுதான் முடிக்க வேண்டும். அது பொய்யில்லை. சோறு போட்டார்கள், பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். ஆனாலும் நன்றி சொல்லிச் சொல்லியே களைத்துப்போயிருந்தேன்.

ஹட்டனிலிருந்து மகளோடு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. பழைய பண்டகசாலை ஒன்றை வெள்ளையடித்து அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். கஞ்சி காய்ச்சிய அண்டா, பாய்கள், அலுமினியத் தட்டுகள் எல்லாம் கண்ணாடிக்குள் இருந்தன. பொறுப்பாக இருந்த இளம்பெண் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். நான் எங்கே உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கடைசி அறையில் சுவர் நிறைய ஒரு படம். இல்லத்து வாசலில் சேலை கட்டிய ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். கீழே 'தாயும் சேயும்' என்று எழுதியிருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மகள் பயந்துபோய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இது அம்மா இல்லைங்க," என்றேன். "எங்களோட இல்லத்துல இருந்த அக்கா. அப்ப அதுக்குப் பதினாலு வயசுகூட இருக்காது."

அவளும் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து லொறியில் வந்தவள்தான். வயதில் பெரியவள் என்பதால் எங்களைக் குளிப்பாட்டுவது, பேன் பார்ப்பது, அழுதால் தூக்குவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. உடுப்பு நன்கொடையாக வரும். அவள் அளவுக்கு ஒன்றும் வராததால் யாரோ ஒரு அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு திரிந்தாள்.

பொறுப்பாக இருந்த பெண் முகம் சுளிக்கவில்லை. "பிழையா எழுதிப்போட்டம் அம்மா, மாத்துவம். அவவின்ர பேர் என்ன?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இடுப்பில் இருப்பது நீங்களா என்றும் கேட்டாள். குழந்தையின் முகம் தோளில் புதைந்திருந்தது. நானாகவும் இருக்கலாம், அவள் எல்லோரையும்தான் தூக்கினாள் என்றேன்.

பின்னேரம் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். வழக்கம்போல நன்றி சொன்னேன். உட்காரப் போனவள், மறுபடி மைக்கைப் பிடித்தேன்.

"இந்த ஊரு எங்கள ஏத்துக்கிச்சு. ஆனா எங்களத் தூக்கி வளத்தது அந்தப் படத்துல நிக்கிற புள்ளதாங்க."

எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில், அக்காவுக்கு என்ன ஆனது என்று மகள் கேட்டாள். கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். போகிற அன்று காலையில் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். போகப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் பாய் சுருட்டியிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தேடிப் பார்ப்போமா என்றாள் மகள். பேரில்லாமல் எங்கே போய்த் தேடுவது என்றேன்.

சில வாரம் கழித்து அருங்காட்சியகத்துப் பெண் மகளின் போனுக்குப் படம் அனுப்பியிருந்தாள். பழைய எழுத்தை எடுத்துவிட்டு, 'மலையகத்திலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள்' என்று போட்டிருந்தார்கள். சரியா என்று மகள் கேட்டாள். சரிதான் என்றேன்.

அன்றைக்கு விடாத மழை. காம்பராவில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல், தாய்மாரும் மலையிலிருந்து இறங்கச் சுணங்கிவிட்டார்கள். கடைசிப் பிள்ளையையும் ஒப்படைத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக லயத்துக்கு இறங்கினேன்.