இன்னும் ஒரு வெயில்

புதுவயல் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் இடத்தில் நிற்பவனுக்கு வியர்ப்பது ஒரு சேதியே இல்லை. ஊசி போட்ட இரண்டாம் மாதம் உடம்பு குப்பென்று எரிந்தபோது, பாய்லர் சூடு என்றுதான் நினைத்தேன். வீட்டில் மின்விசிறிக்கு அடியிலும் எரிந்தது. என் மனைவி மீனாள் சிரித்துவிட்டாள்.

“அம்பது வயசுல இதே சூட்ட நான் பட்டப்ப, ‘என்னடி சும்மா சும்மா விசிறுற’ன்டு கேட்டீகள்ல? இப்ப நீங்க விசிறுங்க.”

அது ஹார்மோன் சிகிச்சை (புற்றுக்குத் தீனியாகும் ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி). நான்கு வருடம் முன்பே புராஸ்டேட் சுரப்பியை (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருப்பது) எடுத்துவிட்டார்கள். முடிந்தது என்று ரத்தப் பரிசோதனையை விட்டுவிட்டேன். வலிக்காத பல்லை எவன் காட்டுவான்? இடுப்பு வலித்து டாக்டரிடம் போனபோது, புற்று எலும்பில் இறங்கியிருந்தது.

ஊசியோடு கீமோவையும் (புற்றைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) இப்போதே தொடங்கலாம் என்றார் மதுரை டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒன்று, ஆறு முறை.

“ஊசி கேக்காமப் போனப்புறம் பாப்பமே, டாக்டர்?”

“அப்ப உங்க உடம்பு தாங்குமான்னு தெரியாது. இப்ப தாங்கும்.”

“ஏத்துனா போயிருமா?”

“போகாது. தள்ளிப் போகலாம். விரல் மரத்துப்போகலாம், வாய் புண்ணாகலாம்.”

அதில்தான் பயந்தேன். காயும் நெல்லை விரலால் உமி நீக்கி, கடித்துப் பார்த்து, அரைக்கலாமா என்று சொல்வதும் என் வேலை.

ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்பார்கள். சொன்னவன் நல்ல உடம்போடு இருந்திருப்பான். திரும்பும் பேருந்தில் மீனாள்தான் ஆரம்பித்தாள்.

“காயட்டும் காயட்டும்ன்டு நெல்ல விட்டா அரைக்கையில நொறுங்கி நொய்யாப் போயிரும்ன்டு ஊருக்கெல்லாம் சொல்லுவீக. ஒங்களுக்குச் சொல்ல வரலையாக்கும்?”

“பொழைக்கவாடி போறேன்?”

“பொழைக்கன்டு யாரு சொன்னா? இருங்கன்டுதான சொல்றேன்.”

மூன்று முறை ஏற்றியாகிவிட்டது. இதே யோசனையில் இருப்பவர்களே, செய்தது சரி என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எலும்பு வலி குறையவில்லை. சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள்.

முந்தாநாள் ஆலையில் நெல் காயும் களத்துக்குப் போனேன். அங்கே நெல்லைக் காலால் துழாவிக் கொடுப்பது மீனாள் வேலை. ஒரு நெல்லை எடுத்தேன். விரலுக்கு அது நெல்லா கல்லா தெரியவில்லை. கடித்தேன், புண்ணில் குத்தியது மட்டும் தெரிந்தது. அவளிடம் ஒன்றை நீட்டினேன். கடித்துத் துப்பினாள்.

“இன்னும் ஒரு வெயில் காயணும்.”

அடுத்த கீமோவின் தேதி டாக்டர் சீட்டில் இருக்கிறது. நான் பார்ப்பதில்லை. ஒரு வெயில் என்றால், அதுவரை இருப்பேன்.