காளைக் காசின் விளிம்பு

யார் எந்தக் காசைக் கொடுத்தாலும் பல்லக்கா முதலில் அதன் முகத்தைப் பார்க்கமாட்டார். இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே அதை நிறுத்தி, வலது கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து, மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுவார். கண் அப்போது வேறெங்கோ இருக்கும். சுற்று முடிந்த பிறகுதான் காசைத் திருப்பி, யார் எவர் என்று பார்ப்பார். பஸ்ஸில் கொடுக்கிற சில்லறைக்கும் இதே மரியாதைதான். "என்னம்மா, செல்லாத காசா கொடுத்துட்டேன்?" என்று ஒரு கண்டக்டர் ஒருமுறை முறைத்தார். "இல்ல தம்பி, இந்தக் கைக்கு வேற வேலை தெரியாது" என்றார் பல்லக்கா.

அது தொழில் கொடுத்த பழக்கம். பல் மருத்துவர்கள் வாயை அளவெடுத்து அனுப்பிவைக்க, அதற்குப் பொருத்தமாகப் பல் செட்டும் பல்லின் மேல் மாட்டுகிற உலோகக் கேப்பும் செய்து தருகிற சிறிய லேப் ஒன்றில் இருபத்தாறு வருடமாக அவருக்கு வேலை. வடக்குப் பார்த்த ஒற்றை ஜன்னல், மெழுகு உருக்குகிற சிறு அடுப்பு, எந்நேரமும் முனகுகிற பாலிஷ் மோட்டார். கேப்பில் தவறு நடந்தால் அது நடுவில் நடக்காது, விளிம்பில்தான் நடக்கும். பல்லோடு சேருகிற கோட்டில் மயிரிழை மேடு இருந்தாலும் போதும், போட்டுக்கொண்டவரின் நாக்கு நாள் முழுக்க அங்கேயே போய்ப் போய் நிற்கும். அதைக் கண்ணுக்கு முன்னால் நகம் கண்டுபிடித்துவிடும்.

பல்லக்கா என்ற பெயர் பழங்காசு வட்டத்தில் வைத்தது. வட்டம் என்றால் மொத்தம் எட்டுப் பேர். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி வகுப்பறையில் கூடுவார்கள். சுவரெல்லாம் சாலை விதிகள். 'முந்தாதே' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, நூற்றுக்கணக்கான வருடத்துக்கு முந்திய காசுகளை வெல்வெட் துணியில் பரப்புவார்கள். ஸ்கூல்காரருக்கு வாய் சும்மா இருக்காது. பல்லக்கா படியேறி வந்தால், "பல்லக்கு வருது, வழி விடுங்கப்பா" என்பார். பத்து வருடம் மூத்தவரான தையல் மாஸ்டரும் அவரைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்.

மாஸ்டர்தான் வட்டத்தின் அச்சாணி. புதிதாக யார் வந்து சேர்ந்தாலும், அட்டை கிழிந்த ஒரு சின்னக் கையேட்டைத் திறந்து முதல் பக்கத்தை அவரே வாசித்துக் காட்டுவார்: 'அச்சில் அடித்தது அசல். அச்சில் வார்த்தது போலி.' பழைய காலத்தில் உலோக வில்லையை அச்சுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். இப்போது ஏமாற்றுகிறவன் உலோகத்தை உருக்கி ஊற்றுகிறான். வட்டத்தின் மொத்தச் சட்டமும் இவ்வளவுதான். அடித்தல், வார்த்தல்.

அந்த வருடம் ஒரு போட்டி வைக்கலாம் என்று முடிவானது. ஆளுக்கு மூன்று காசு கொண்டுவர வேண்டும். அபூர்வமானது, விலை போவது என்றெல்லாம் பேசக்கூடாது. பிடித்த மூன்று, ஏன் பிடித்தது, அவ்வளவுதான். மாஸ்டர் ஆளுக்கொரு நிறத்தில் பொத்தான் கொடுப்பார். யாருடையது மனதில் நின்றதோ அவர் கிண்ணத்தில் போட வேண்டும். தன் கிண்ணத்தில் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. ஜெயித்தவரின் மூன்று காசும் மூன்று வாரம் கழித்து நூலகக் கண்காட்சிக்குப் போகும். அருங்காட்சியகத்திலிருந்து நாணயம் தெரிந்த ஒருவர் வந்து, கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பேசுவார்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது மாஸ்டர் லேப்புக்கே வந்துவிட்டார். தங்கம் நிறுக்கிற மாதிரி ஒரு துல்லியத் தராசு அங்கே இருக்கிறது.

"யாருக்கும் சொல்லலை, பல்லக்கா. உங்ககிட்ட மட்டும்தான்" என்று ஒரு மடித்த துணியைப் பிரித்தார். செம்புக் காசு. ஒரு பக்கம் திமிலோடு ஒரு காளை, மறு பக்கம் பிறை. "போன வருஷம் ஒரு அம்மா பழைய பொத்தான் டப்பா ஒண்ணு கொடுத்துட்டுப் போனாங்க. கொட்டிப் பாத்தா, பொத்தானோட பொத்தானா இது. வாங்கினதும் இல்ல, மாத்தினதும் இல்ல. தானா என்னைத் தேடி வந்தது. இவ்வளவு பழசை நம்ம வட்டத்துல யாரும் தொட்டதே இல்ல. ஒரு வருஷமா தினம் எடுத்துப் பாத்துட்டு வச்சிடறேன். அச்சு அசல்! என்ன சொல்றீங்க?"

பல்லக்காவின் நகம் அதற்குள் பாதிச் சுற்று போயிருந்தது. விளிம்பின் நடுவே ஒரு மெல்லிய கோடு, இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் மாதிரி. ஓரிடத்தில் சிறு முண்டு. உருக்கிய உலோகம் உள்ளே போன வாய். ஆறிய பிறகு வெட்டிவிட்ட மிச்சம். தினமும் கேப் வார்த்து, அதே இடத்தில் அதே முண்டை வெட்டி, அதே அரத்தால் தேய்க்கிற கைக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. காளையின் வயிற்றுக்கடியில் ஊசிமுனைக் குமிழிகள் இரண்டு.

"எட்டு கிராம் சொச்சம்" என்றார் பல்லக்கா, காசைத் தராசில் வைத்து.

"எடை கிடக்கட்டும். எப்படி இருக்கு?"

"நல்ல காளை, மாஸ்டர்."

அதற்குமேல் அவருக்கு வாய் வரவில்லை. மாஸ்டர் துணியை மடித்த விதம் அப்படி. குழந்தையைப் போர்த்துகிற மாதிரி நாலு மூலையையும் ஒவ்வொன்றாக மடித்தார்.

வீட்டுக்கு வந்து தன் கணவரிடம் சொன்னார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் நிற்குமா, போகுமா என்று மட்டும் பார்க்கிறவர்.

"சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்றது? தூக்கிக் கொஞ்சிட்டு இருக்கறவர்கிட்ட, இது உங்க பிள்ளை இல்லன்னா?"

"அப்ப சொல்லாத."

"சொல்லலைன்னா ஜெயிச்சிடுவாரு. அந்தக் கதையைக் கேட்டா யாரா இருந்தாலும் பொத்தானைப் போட்டுடுவாங்க. அப்புறம் நூலகத்துல, அத்தனை பேருக்கு நடுவுல, அருங்காட்சியகத்துக்காரங்க கையில எடுத்து, இது போலின்னு சொன்னா? ஊருக்கே பாடம் எடுத்த மனுஷன். அதுக்கப்புறம் காசையே கையில எடுக்கமாட்டாரு."

"சொல்லவும் கூடாது, சொல்லாமலும் இருக்கக் கூடாது. நல்லா இருக்கு உன் கணக்கு. ஒரே வழி, நீ ஜெயிச்சிடு" என்று சிரித்துவிட்டுக் கணவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். பல்லக்கா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் ஏற்கெனவே மூன்றைத் தேர்ந்து வைத்திருந்தார். அதில் ஒன்றின் பெயர் 'காது'. யாரோ ஒரு ராஜாவின் முகம். மூக்கும் கண்ணும் வாயும் எத்தனையோ கைகளில் தேய்ந்து போய், காது மட்டும் மிஞ்சியிருந்தது. 'பேச்சை நிறுத்திட்டு இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு' என்று அதைப் பற்றி ஒருமுறை வட்டத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அதைக் கேட்டு வாங்கி வெகு நேரம் பார்த்தார். இன்னொன்று, அச்சு நகர்ந்து பாதிப் படமே விழுந்த காசு. மூன்றாவது, யாரோ கழுத்தில் போட ஓட்டை போட்டது. மூன்றையும் பெட்டியில் திருப்பி வைத்தார். பதிலுக்குப் பெரிய வெள்ளிக்காசு ஒன்று, பாயும் குதிரையோடு. நேற்று அடித்த மாதிரி ஒரு சிங்கம். பாய்மரம் விரித்த ஒரு கப்பல். பார்த்தவர் வாய் பிளக்கிற மூன்று.

"காதை விட்டுட்டா போற?" என்றார் கணவர், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே.

"அது வந்தா ஜெயிக்காதுங்க."

போட்டியில் மாஸ்டர் பொத்தான் டப்பா கதையைச் சொன்னபோது அறையில் சத்தமே இல்லை. பல்லக்காவின் முறை வந்தபோது சத்தம் இருந்தது, ஆனால் அது காசுகளுக்கு. குதிரை கைமாறிக் கைமாறிப் போனது. இன்ன காலம், இன்ன உலோகம் என்று ரேஷன் பட்டியல் வாசிக்கிற மாதிரி அவர் சொல்லி முடித்தார். "பல்லக்கா, இதையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார் ஸ்கூல்காரர்.

கிண்ணங்களைக் கவிழ்த்தார்கள். பல்லக்காவுக்கு நாலு. மாஸ்டருக்கு மூன்று. ஸ்கூல்காரருக்கு ஒன்று.

பொத்தான்களுக்கு நிறம் இருந்ததை அப்போதுதான் பல்லக்கா யோசித்தார். தன் நாலில் ஒன்று சாம்பல் நிறம், மாஸ்டருடையது. தன் சிவப்புப் பொத்தான் ஸ்கூல்காரர் கிண்ணத்தில் பளிச்சென்று கிடந்தது. மாஸ்டருக்குப் போட்டிருந்தால் சமமாகியிருக்கும். மாஸ்டர் சிவப்பைப் பார்த்தார். பிறகு பொத்தான்களையெல்லாம் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார்.

படியிறங்கும்போது அவரே கேட்டார். "காது எங்க?"

"வீட்ல."

"அதான் ஏன்?"

பல்லக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்கு இறங்கினார்.

"உங்களுக்குப் பிடிச்சதைக் கொண்டு வரச் சொன்னோம். எங்களுக்குப் பிடிக்கறதைக் கொண்டு வந்திருக்கீங்க. குதிரையைப் பத்திப் பேசும்போது உங்க முகத்தைப் பாத்தேன். அதுல நீங்க இல்ல. ஜெயிக்கணும்னு உங்களுக்கு எப்ப ஆசை வந்தது?"

அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. ஆசை என்ற சொல் அவரைச் சுட்டது. அந்த நடுப்படியிலேயே நின்று சொல்லிவிட்டார்: கோடு, முண்டு, குமிழி. "வார்ப்பு, மாஸ்டர். நான் தினம் செய்யற வேலை. எனக்குத் தெரியாம இருக்குமா?"

மாஸ்டர் துணியைப் பிரித்தார். தன் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். முண்டு வந்த இடத்தில் விரல் நின்றது.

"இதுவா?"

"ம்."

"தேய்மானம்னு நெனச்சிருந்தேன்." காசைத் துணியில் மடித்துக்கொண்டே சொன்னார்: "அப்ப என்னைக் காப்பாத்தத்தான் ஜெயிச்சீங்க. நல்லாத் தச்சீங்க பல்லக்கா, கிழிசலே தெரியாம." சிரிக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டு, இறங்கிப் போனார்.

அந்த மூன்று வாரமும் பல்லக்காவுக்குச் சாப்பாடு சாப்பாடாக இல்லை. அனுப்பிவிட்ட ஒரு கேப்பை விளிம்பு சரியில்லை என்று திரும்ப வாங்கி மூன்று தரம் வார்த்தார். மருத்துவர் போன் செய்து முதலிலேயே சரியாகத்தானே இருந்தது என்றார். தையல் கடை வழியாகப் போகிறபோது எட்டிப் பார்த்தால், "வாங்க பல்லக்கா, பள்ளிக்கூட யூனிஃபார்ம் சீசன், தலைக்கு மேல வேலை" என்று மாஸ்டர் சொல்வார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் வலித்தது. கண்காட்சிக்கும் அவர் வரவில்லை.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண்; பல்லக்காவைவிட வயதில் சின்னவர். குதிரையையும் சிங்கத்தையும் கப்பலையும் எடுத்து நாலு நல்ல வார்த்தை சொன்னார். கைதட்டினார்கள். பல்லக்காவின் கண் அதில் இல்லை. அதிகாரி தன்னோடு கொண்டுவந்து மேசை மூலையில் வைத்திருந்த ஒரு சுட்ட மண் பலகை மேல் இருந்தது. பலகையில் ஆறு வட்டப் பள்ளங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லிய வாய்க்கால். ஒவ்வொரு பள்ளத்திலும், உள்ளடங்கி, திமிலோடு ஒரு காளை.

லேப்பில் அவர் ஒரே வார்ப்பில் ஆறு கேப் எடுக்கிற அதே ஏற்பாடு. மேசையை ஒட்டிப் போய் நின்றார்.

"இது... போலி செய்யறவங்க வச்சிருந்த அச்சா மேடம்?"

"இல்லையே. இது அந்தக் காலத்து மண் அச்சு. காசு அடிக்கற வித்தை பரவறதுக்கு முன்னாடி சில இடங்கள்ல வார்த்துத்தான் எடுத்தாங்க. இந்தக் காளை வகையில வார்ப்புதான் அசல். சுத்தியலால அடிச்ச ஒண்ணை யாராவது கொண்டு வந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வரும்."

பல்லக்கா தன் காசுகளை எடுத்துக்கொள்ளவும் மறந்து, நேராகத் தையல் கடைக்குப் போனார்.

மாஸ்டர் உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஒரு காலர் துணியில் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். பல்லக்கா மூச்சு விடாமல் சொன்னார். மண் பலகை, ஆறு பள்ளம், வாய்க்கால். "நான் பாத்தது வார்ப்புதான் மாஸ்டர். அது தப்பில்ல. ஆனா போலின்னு நெனச்சேன் பாருங்க, அதுதான் தப்பு. நம்ம கையேட்டை நம்பிட்டேன். என் கையையும் நம்பிட்டேன். உங்க காளை அசல். என்னை மன்னிச்சிடுங்க."

மாஸ்டர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்தி வைக்கிற சின்ன மெத்தையில் குத்தினார். ஐந்தோ ஆறோ இருக்கும். கடைசி ஊசி இறங்கிய பிறகு நிமிர்ந்தார்.

"அட! அப்படியா?" என்றார். கண்கள் அகல விரிந்தன. "நிஜமாவா சொல்றீங்க?"

"என் கண்ணால பாத்தேன்."

"அடடே, காளை பிழைச்சிடுச்சே! உட்காருங்க, உட்காருங்க. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், நானே ஊர் பூரா அந்தப் பக்கத்தைத்தானே வாசிச்சுக் காட்டினேன்." எதிர்க் கடையைப் பார்த்து இரண்டு டீ சொன்னார். பல்லக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அழற ஆளுக்கு டீ ஆறிடும்" என்றார் மாஸ்டர். அடுத்த மாதக் கூட்டத்தில் அவரே கையேட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்தார்: 'எல்லாக் காசும் அல்ல.'

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. லேப்பில் ஒரு விடுமுறை நாளில் பல்லக்கா தன் கணவரை இழுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனபோது, அந்த அதிகாரி அடையாளம் கண்டு நின்றார்.

"தையல்காரர் நல்லா இருக்காரா?"

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும், மேடம்?"

"கண்காட்சிக்கு ரெண்டு வாரம் முன்னாடி காளைக்காசோட தனியா வந்தாரே. அசல்தான்னு சொன்னேன். சந்தோஷப்பட்டாரு, ஆனா உடனே கிளம்பலை. 'எங்க வட்டத்துல ஒருத்தங்க இருக்காங்க, அவங்களா பாத்துத் தெரிஞ்சுக்கட்டும், நான் போய்ச் சொன்னா நல்லா இருக்காது, அன்னைக்கு அந்த மண் அச்சைக் கொண்டு வந்து மேசையில வைக்க முடியுமா'ன்னு கேட்டாரு. அதுக்காகத்தான் கொண்டு வந்தேன்."